பழைய மெஷினின் கன்ட்ரோலை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: ஹைட்ராலிக் பிரஸ் வாங்கி 25 வருடம் ஆகிறது. மெஷினை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டரான பிஎல்சிக்கு ஸ்பேர் கிடைப்பதில்லை. மெஷினையே மாற்றுவதா, கன்ட்ரோலை மட்டுமா?

சிலிண்டர், கைடு, பாடி மூன்றும் நன்றாக இருந்தால் கன்ட்ரோல் மட்டும் போதும். இரும்புக்கு 25 வருடம் பெரிய வயதில்லை, எலக்ட்ரானிக்ஸுக்குத்தான் அது கிழப்பருவம். இதே மாதிரி ஒரு பிரஸ்ஸின் கன்ட்ரோலை மாற்றி, வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

புது பிஎல்சிக்கு விலை கேட்பதற்கு முன்னால், இன்றைக்கே பழைய புரோகிராமை பேக்கப் எடுங்கள். அந்தக் காலத்து பிஎல்சி பலவற்றில் புரோகிராம் ரேமில்தான் இருக்கும், ஒரு சின்ன பேட்டரிதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரி செத்த நிலையில் கரன்ட் போனால் புரோகிராமும் போய்விடும். பேட்டரியை மாற்றும்போதும் சப்ளை ஆனில் இருக்க வேண்டும் (ஆஃப் செய்துவிட்டு மாற்றுவதுதான் பாதுகாப்பு என்று நம் கை பழகியிருக்கும்!). உங்களுடையது சீமென்ஸ் எஸ்5 என்றால் சாதாரண சீரியல் கேபிள் பேசாது. அதன் போர்ட் 20 மில்லிஆம்பியர் கரன்ட் லூப் (வோல்ட்டேஜுக்குப் பதில் கரன்ட்டால் சிக்னல் அனுப்புவது), அதற்கென்று கன்வெர்ட்டர் கேபிள் வேண்டும்.

அடுத்தது டிராயிங். அதை நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் ராத்திரி ஷிஃப்டில் யாராவது ஒரு ரிலேயைச் சேர்த்திருப்பார், ஒரு இன்டர்லாக்கை (பாதுகாப்புத் தடையை) ஜம்பர் வயர் போட்டு ஒதுக்கியிருப்பார். ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தபோதுதான் எங்கள் எமர்ஜென்சி ஸ்டாப் வெறும் பிஎல்சி இன்புட்டாகப் போவது தெரிந்தது. அதாவது புரோகிராம் தொங்கினால் பட்டனை அழுத்தியும் பிரஸ் நிற்காது. புதிதில் அதை இரட்டை சேனல் சேஃப்டி ரிலே (ஒரு வழி பழுதானாலும் இன்னொன்று நிறுத்தும்) வழியாக வால்வு சப்ளையையே வெட்டும்படி வயரிங் செய்தோம். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

இனி நான் அடிபட்ட இடம். பழைய பிஎல்சிக்கு ஒரு ஸ்கேன் (இன்புட்டைப் படித்து புரோகிராமை ஒரு சுற்று ஓட்டுவது) முடிக்க 40 மில்லிசெகண்ட் ஆனது, புதியதற்கு ஒரு மில்லிசெகண்டுகூட ஆகவில்லை. வேகம் நல்லதுதானே என்று இன்புட் ஃபில்டரையும் (சில நொடித்துளிகளே வரும் சிக்னலைக் கணக்கில் எடுக்காமல் விடும் அமைப்பு) மிகக் குறைவாக வைத்துவிட்டேன். பிரஸ் ஒரு தடவை அடித்தால் கவுன்டர் இரண்டு, மூன்று என்று ஏறியது, சில நேரம் ஒரு ஸ்டெப்பே தாவியது. இரண்டு ராத்திரி லேடரில் (பிஎல்சி புரோகிராமில்) தப்பைத் தேடினேன். லேடரில் ஒன்றும் இல்லை. பிரஸ் எங்கே வந்திருக்கிறது என்று சொல்லும் லிமிட் சுவிட்ச் மூடும்போது கான்டாக்ட் சில மில்லிசெகண்ட் துள்ளும். பழையது மெதுவாக இருந்ததால் அந்தத் துள்ளல் அதன் கண்ணில் படவே இல்லை. ஃபில்டரை 20 மில்லிசெகண்ட் ஆக்கியதும் அடங்கியது.

அதே சுவிட்சுகள் இன்னொரு வம்பும் செய்தன. 110 வோல்ட் ஏசியில் வருடக்கணக்கில் ஓடியவற்றை 24 வோல்ட் டிசிக்கு மாற்றினோம். கான்டாக்டில் படிந்த கறுப்பை அந்தச் சின்ன கரன்ட்டால் தாண்ட முடியாமல் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. சுத்தம் செய்து மாரடிக்காமல் மொத்தமாகப் புதிது போடுங்கள்.

நெட்வொர்க்கில் இணைக்க ஆசை இருந்தால் மெஷின் நிம்மதியாக ஓடிய பிறகு பாருங்கள். 1979-இல் பிறந்த மோட்பஸ் மாதிரி, மெஷின்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. ஆபீஸ் நெட்வொர்க்கோடு நேரடியாகச் சேர்க்க வேண்டாம்.

கழற்றிய பழைய பிஎல்சியை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வயர் நம்பரோடு அப்படியே எடுத்து வையுங்கள். முதல் மாதத்தில் மட்டும் நான் இரண்டு தடவை அதைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.