48 வயதில் முனைவர் பட்டம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

வணக்கம். கோத்தகிரி அருகே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியையாக இருக்கிறேன். வயது 48. மகன் படிப்பை முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கணவருக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை, வீடு திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வந்து, எனக்கும் அம்மாவுக்கும் டீ போட்டுவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதே இலக்கணம், அதே வினாத்தாள். மனசு வெறிச்சென்று கிடக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தால் வாழ்க்கையில் ஒரு புதுப் பிடிப்பு வரும் என்று தோன்றுகிறது. நீங்களும் நடுவயதில் ஆய்வு செய்தவர் என்பதால் எழுதுகிறேன். ‘சங்க இலக்கியத்தில் குறிஞ்சித்திணை’ என்று தலைப்பு யோசித்து வைத்திருக்கிறேன். மலையில் இருப்பவளுக்குப் பொருத்தமாக இருக்குமே என்றுதான்.

ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். “ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு டீச்சர் இதெல்லாம்?” என்று சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் புதிதல்ல. அம்மா 1974ல் இலங்கையில் கண்டிப் பக்கமிருந்து வந்தவர், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து எடுத்தவர். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட ‘அரைப்பேர்’, ‘பெரட்டு’ மாதிரித் தோட்டத்துச் சொல்லெல்லாம் வகுப்பில் வாய்தவறி வந்துவிட்டால் பிள்ளைகளும் இப்படித்தான் சிரிப்பார்கள்.

இந்த வயதில் சேரலாமா சார்? முகத்துக்காகச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை, கோத்தகிரி

—

அன்புள்ள டீச்சர்,

சேரலாம். வயதுப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை. இளம் ஆய்வாளர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகைக்குத்தான் வரம்பு உண்டு, அதை நாம் இருவரும் எப்போதோ தாண்டிவிட்டோம். உங்களுக்கு இன்னும் 12 வருஷம் சர்வீஸ் இருக்கிறது. 2018ல் பூத்த குறிஞ்சி மறுபடி பூக்க எடுத்துக்கொள்ளும் காலம் அது. ஸ்டாஃப் ரூம்காரர்களுக்குக் கணக்கு வரவில்லை, விடுங்கள்.

ஆனால் ‘புதுப் பிடிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நானும் அதைத் தேடித்தான் போனேன்.

அப்போது எனக்கு 45. குன்னூரில் ஒரு வங்கிக் கிளையில் மேலாளர். சாயங்காலம் கணக்கை முடித்து ஷட்டரை இறக்கிவிட்டு வந்தால் டிவி, சாப்பாடு, தூக்கம். எம்.ஏ. வரலாறு தபாலில் படித்து வைத்திருந்தேன், அந்தத் தைரியத்தில் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். தலைப்பு ‘நீலகிரி மாவட்டக் கூட்டுறவு நிறுவனங்களின் செயல்பாடுகள் – ஓர் ஆய்வு’. தலைப்பைப் பார்த்தாலே தெரியும், எனக்கு அதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமே இல்லை. கையெட்டும் தூரத்தில் புள்ளிவிவரம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். முதல் ஆறு மாதம் ஜோராக இருந்தது. புதுப் பை, புது நோட்டு, பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டால் எப்படி இருக்கும் என்று பழைய கவரில் எழுதிப் பார்த்தது எல்லாம் உண்டு. ஏழாவது மாதம் பழைய வெறுமையே திரும்பி வந்தது. கூடவே அட்டவணை தயாரிக்கும் வேலையும். ஒன்றரை வருடம் அப்படியே இழுத்தேன்.

அப்பா இறந்த பிறகு மேட்டுப்பாளையம் வீட்டைக் காலி செய்யப் போனோம். அவர் முப்பது வருடம் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதியவர். ஊட்டிக் கிழங்கு லாரியில் இறங்கி அங்கேதான் ஏலம் போகும். தகரப் பெட்டியில் அவர் எழுதிய பேரேடுகள் இருந்தன. ஓரமெல்லாம் கரையான், நடுவில் எழுத்து சுத்தமாக இருந்தது. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று போகவாரியாகப் பக்கம் பிரித்து ஊர், ஆள், மூட்டை, விலை. பழைய பேப்பர்காரரை வாசலில் நிற்க வைத்துவிட்டு ஒன்றைப் புரட்டினேன். கட்டபெட்டுப் பக்கத்து ஊர் ஒன்றின் பக்கத்தில் இருபது பெயருக்கு மேல் இருந்தது. நாலைந்து வருடம் தள்ளிப் பார்த்தால் மூன்று பெயர். அதற்கடுத்த ஏட்டில் அந்த ஊரே இல்லை. கடநாடு இருக்கிறது, நஞ்சநாடு இருக்கிறது, இந்த ஊரைக் காணோம். நின்றுபோன பெயர்களின் ஓரத்தில் அப்பா பென்சிலால் ஒரே ஒரு எழுத்து எழுதியிருந்தார்: ‘டீ’.

பேப்பர்காரரை அனுப்பிவிட்டேன்.

அந்த ஓர் எழுத்துக்கு விளக்கம் எழுதத்தான் எனக்கு மேற்கொண்டு ஐந்தரை வருடம் ஆனது. 1961ல், நான் பிறந்த வருடம், ஊட்டிப் பக்கத்து வயல்களில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். மண்ணில் ஒருமுறை இறங்கினால் லேசில் போகாத புழு. விளைச்சல் படுத்தது, விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தடை வந்தது. இன்னொரு பக்கம் சோவியத் யூனியன் நீலகிரித் தேயிலையை அள்ளி வாங்கிக்கொண்டிருந்த காலம். கிழங்கு நிலத்தில் தேயிலை நட்டார்கள். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது திரும்பிப் போகக் கிழங்கு வயல் இல்லை. ஆய்வை அப்பா முடித்து வைத்திருந்தார், நான் அடிக்குறிப்பு போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் என்று இல்லை, லீவு கிடைத்தபோதெல்லாம் நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோப்புக்காகக் காத்திருப்பேன். சில நாள் வரும். சில நாள் ‘இல்லை’ என்று சீட்டுதான் திரும்பி வரும். தும்மிக்கொண்டே அன்று ராத்திரி ரயிலைப் பிடிப்பேன். அந்த ஐந்தரை வருடத்தில் பிடிப்பு என்ற வார்த்தையே எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பட்டம் வாங்கிய பிறகு என்ன மாறியது என்று கேட்டால், சம்பளம் மாறவில்லை. “மேனேஜர் டாக்டராமே, ஊசி போடுவாரா?” என்று கவுண்டரில் கேட்டார்கள். ஒன்று மாறியது. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே நான் கிழங்குக் கணக்கு தேடுவதைக் கேள்விப்பட்டு ஒரு பெரியவர் மண்டி ரசீதுகளைப் பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வங்கிக்கே வந்தார். எங்கள் வாடிக்கையாளர்தான். எத்தனையோ வருடம் அவரை நிற்கவைத்தே கடன் படிவத்தை நீட்டியிருக்கிறேன். அன்றுதான் அவருக்கு நாற்காலி போட்டேன்.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், குறிஞ்சித்திணை வேண்டாம். நம் நாட்டு ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்காவில் குறிஞ்சி என்று தேடிப் பாருங்கள், எத்தனை பேர் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள் என்று தெரியும். உங்களுக்கென்று அதில் ஒரு கேள்வி இருந்தால் அதெல்லாம் பொருட்டில்லை. ஆனால் ‘பொருத்தமாக இருக்குமே’ என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? என் கூட்டுறவு நிறுவனங்களும் பொருத்தமாகத்தான் இருந்தன.

உங்கள் தலைப்பு கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அரைப்பேர். குறித்த எடைக்குக் கொழுந்து வராவிட்டால் அன்றைக்கு ஆளுக்குப் பாதிக் கூலி, செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர். நாள் முழுக்க மழையில் நின்றவளுடைய பெயரில் பாதியை வெட்டிவிட்டார்கள் என்று அந்தச் சொல்லே சொல்கிறது. பெரட்டு, காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். ஆங்கிலப் ‘பரேட்’தான் அப்படி ஆனது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவதை இங்கே கவாத்து என்கிறோம். இலங்கையிலிருந்து வந்தவர்கள் ‘கவ்வாத்து’ என்று அழுத்திச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கவாத்துக்குத் தமிழில் இன்னொரு பொருள் பட்டாளப் பயிற்சி. ஆக, ஆளை நிறுத்தும் சொல்லும் பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறது, செடியை வெட்டும் சொல்லும் அங்கிருந்தே வந்திருக்குமோ என்று தோன்றுகிறது. நான் வரலாற்றுக்காரன், இதற்கு மேல் சொல்ல எனக்கு மொழியறிவு போதாது. நீங்கள் இருபத்திரண்டு வருடம் இலக்கணம் நடத்தியவர்.

1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வரவேண்டும். 1974ல், உங்கள் அம்மா வந்த அதே வருடம், இன்னும் 75,000 பேரைச் சேர்த்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது, அதுதான் பிறகு டேன்டீ ஆனது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இங்கே அவர்களுக்குச் ‘சிலோன்காரங்க’ என்றுதான் பெயர். அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்த தமிழ், மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து, படுகு மொழிக்கும் கோயம்புத்தூர்த் தமிழுக்கும் நடுவில் மூன்று தலைமுறையாக என்ன ஆனது? அம்மா கூச்சமில்லாமல் சொல்லும் சொல், உங்கள் வாயில் தவறி வருகிறது. உங்கள் மகனுக்கு வருமா? அவனிடம் போனில் கேட்டுப் பாருங்கள்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். இப்போது நடப்பில் இருப்பது 2022ல் வந்த யுஜிசி விதிகள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் போன்றவர்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. பகுதிநேரமாகச் செய்யலாம், தொலைநிலையில் முடியாது. யாராவது ‘ஆன்லைன் பிஎச்டி’ என்று கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். துறையிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் எனும் தொடக்கப் பாடங்களுக்கு விடுவிப்போம் என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும், எழுதி வாங்குவதில் கவனமாக இருங்கள். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதன் மேல் இரண்டு. ஆக மொத்தம் பத்து. குறிஞ்சிக்குக் கிடைக்கும் பன்னிரண்டு வருடச் சலுகையை யுஜிசி நமக்குக் கொடுப்பதில்லை.

நெறியாளரைத் தேடும்போது அவருக்கு எத்தனை வருடம் சர்வீஸ் பாக்கி என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. பெரும்பாலும் உங்களைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். என் நெறியாளர் எனக்கு எட்டு வயது இளையவர். ஏழு வருடமும் இருவரும் மாறி மாறி ‘சார்’ போட்டுக்கொண்டோம். முதல் அத்தியாயத்தைச் சிவப்பு மையால் குளிப்பாட்டிக் கொடுத்தபோது முகம் சுண்டியது உண்மை. இருபது வருடமாக என் எழுத்தை யாரும் திருத்தியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் திருத்தியே பழகியவர், உங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

பல்கலைக்கழக வாசல்களில் ஆய்வேடு எழுதிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. உங்களுக்கு அது தேவைப்படாது, ஆனால் எல்லோரும் அப்படித்தான் என்று அங்கே சொல்வார்கள். பொய். பிறகு தாமதம். நான் ஆய்வேட்டைக் கொடுத்து 14 மாதம் கழித்துத்தான் வைவா எனும் வாய்மொழித் தேர்வு நடந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். எந்த மேஜையில் கோப்பு தூங்குகிறது என்று மட்டும் எனக்கு அத்துபடி ஆகியிருந்தது. அந்த 14 மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குச் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் வருவதை நினைத்து மலைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் வளைவில் படிக்கத்தான் முடியாது, யோசிக்கலாம்.

நுழைவுத் தேர்வு, நேர்காணல், தடையில்லாச் சான்று எல்லாம் சேர்ந்து சேர்க்கைக்கே ஒரு வருடம் போய்விடும். அதுவரை காத்திருக்காதீர்கள். அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. 1974ல் இருபதைத் தாண்டியிருந்தார் என்றால் இப்போது எழுபதுக்கு மேல். சாயங்காலம் டீ போட்ட பிறகு போனில் ரெக்கார்டரைப் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்துவிடுங்கள். பேட்டி மாதிரி கேட்க வேண்டாம், டீச்சர் குரலில் கேட்கவே வேண்டாம். கொழுந்து என்றால் எத்தனை விதம், கூடையைத் தலையில் எப்படி மாட்டுவது என்று கையால் காட்டச் சொல்லுங்கள், சொல் தானாக வரும்.

எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். இங்கே வந்து வேலைக்குப் போன முதல் நாள் காலையில், கோத்தகிரியில் அவர்களை எந்தச் சொல் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பெரட்டு என்றார்களா, அல்லது அந்தச் சொல்லை இவர்கள்தான் கப்பலில் கொண்டுவந்தார்களா? என் கோப்புகள் எதிலும் இது இல்லை.