தனியே ஆதரவு, கூட்டத்தில் மௌனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் சூரிய மின்தகடுகள் அமைக்கும் யோசனை சங்கக் கூட்டத்தில் பலமுறை எழுந்து, முடிவெடுக்கப்படாமலே நிற்கிறது. தனியே கேட்டால் பலரும் நல்ல யோசனை என்கிறார்கள். கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. மக்களுக்கு உண்மையில் அக்கறை இல்லையா?

பதில்: அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தனக்கு விருப்பம் உண்டு, மற்றவர்களுக்குத்தான் இல்லை என்று அங்கே ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. இது உலகெங்கும் காணப்படும் நிலை. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் நடத்தப்பட்டு, 2024இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வெளியான ஆய்வில், புவி வெப்பமாதலைத் தடுக்க மாத வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கைத் தரத் தயார் என்று 69 சதவீதத்தினர் கூறினார்கள். உங்கள் நாட்டில் எத்தனை பேர் அப்படித் தருவார்கள் என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன மதிப்பீடு சராசரியாக 43 சதவீதம்தான். இந்த இடைவெளிதான் உங்கள் கூட்டத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறது. தான் மட்டும் தனித்து நிற்க நேருமோ என்ற தயக்கம் எல்லோருக்கும் இயல்பு. அந்தத் தயக்கத்தால் எழும் மௌனமே அடுத்தவருக்கு எதிர்ப்பாகத் தெரிகிறது.

ஆகவே, செலவுக் கணக்கை மறுபடியும் விளக்குவதற்கு முன், வீடு வீடாகச் சென்று எழுத்தில் விருப்பம் கேட்டு, சம்மதித்தவர்களின் எண்ணிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அதைக் கூட்டிச் சொல்லக் கூடாது. ஒருமுறை நம்பிக்கை போனால் திரும்ப வராது. உங்களில் ஒருவருடைய உறவினர் வீட்டில் ஏற்கெனவே தகடுகள் இருந்தால், நாலைந்து பேரை அழைத்துச் சென்று காட்டுங்கள். கலிஃபோர்னியாவில் சூரிய மின்தகடுகள் பரவிய விதத்தை ஆராய்ந்தவர்கள், ஒரு வட்டாரத்தில் ஒரு வீட்டில் அமைத்தால் அங்கேயே அடுத்த வீடும் அமைக்கும் வாய்ப்பு கூடுவதை 2012இல் காட்டினார்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்தாரைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. படித்தவர்கள் பலரும் அப்படித்தானே?

பதில்: அப்படித்தான் நாம் எல்லோரும் நம்புகிறோம். அதே கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், கோடையில் குளிர்சாதனத்துக்குப் பதில் மின்விசிறியைப் பயன்படுத்தும்படி வீட்டுக் கதவுகளில் அட்டைகள் மாட்டப்பட்டன. சிலவற்றில் பணம் மிச்சமாகும் என்றும், சிலவற்றில் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றும், இன்னும் சிலவற்றில் உங்கள் பகுதியில் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. மின் பயன்பாட்டை அதிகம் குறைத்தது கடைசி வகை அட்டைதான். அதைப் பெற்றவர்களோ, அந்தச் செய்தி தங்களை அவ்வளவாகத் தூண்டவில்லை என்றார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், வட்டாரத்தின் சராசரிப் பயன்பாட்டை அட்டையில் கண்டதும், அதிகம் செலவழித்த வீடுகள் குறைத்தன. ஏற்கெனவே சிக்கனமாக இருந்த வீடுகளோ சராசரியை நோக்கிக் கூட்டிவிட்டன. அந்தச் சிக்கன வீடுகளின் அட்டையில் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்து கொடுத்தபோது, அவை பழைய சிக்கனத்திலேயே நின்றன. பலரும் செய்வது இது என்பதோடு, நல்லது என்று ஊர் மதிப்பதும் இதுவே என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தச் சிறிய படம் தந்தது பாராட்டு.

கேள்வி: புவி வெப்பமாதலால் வரும் அழிவைக் காட்டிப் பயமுறுத்தினால் மக்கள் விரைவில் மாறமாட்டார்களா?

பதில்: பயம் கவனத்தை ஈர்க்கும். ஆனால், உடனே செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கையில் கொடுக்காவிட்டால், பயந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்லதைச் செய்தபின் வரும் பெருமிதத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கச் செய்வது, குற்றவுணர்வைத் தூண்டுவதைவிட நன்கு பலிக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. என் தேர்வும் அதுதான்.

கேள்வி: காற்றாலைத் திட்டங்களை எதிர்ப்போர் வெறும் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று என் நண்பர் சொல்கிறார். அது சரியா?

பதில்: உங்கள் நண்பரின் கருத்தை நான் ஏற்கவில்லை. தங்களைக் கேட்காமல் இடம் குறித்துவிட்டார்கள், லாபம் வேறு யாருக்கோ போகிறது, இரைச்சலும் நிழலும் மட்டும் தங்களுக்கு என்று ஒருவர் கோபப்பட்டால், அந்தக் கோபத்துக்குள் நியாயம் பற்றிய ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் புள்ளிவிவரங்களை அடுக்கினால் கோபம் வளரவே செய்யும். டென்மார்க்கின் சாம்சோ தீவு 1997இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் தீவாகத் தேர்வானபோது, அங்கே முதலில் நிறையக் கூட்டங்கள்தான் நடந்தன. பிறகு நிலத்தில் நிறுவப்பட்ட 11 காற்றாலைகளில் சிலவற்றை விவசாயிகள் சொந்தமாகவும், சிலவற்றை ஊர்மக்கள் பங்கு போட்டுக் கூட்டாகவும் வாங்கினார்கள். 2009 முதல் 2020 வரை அந்நாட்டுச் சட்டமே, புதிய காற்றாலை நிறுவுவோர் குறைந்தது 20 சதவீதப் பங்கை அருகில் வசிப்போருக்கு விற்க முன்வர வேண்டும் என்று விதித்திருந்தது. உங்கள் நண்பர் அடுத்தமுறை எதிர்ப்பாளர் ஒருவரைச் சந்தித்தால், எந்தக் கட்டத்தில் அவரிடம் கருத்துக் கேட்டார்கள், வருமானத்தில் அவருக்கு என்ன பங்கு என்ற இரண்டையும் முதலில் விசாரிக்கட்டும்.