வடிகாலுக்குத் தோண்டினார்கள், கழிவறையில் தண்ணீர் ஏறுகிறது!

கேள்வி: சென்னையில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காக ஜே.சி.பி. வைத்துத் தோண்டி மூடினார்கள். இரண்டே வாரத்தில் கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து வருகிறது. ஓர் அலுவலகத்தில் "எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். இன்னொன்றில் "உங்கள் பைப் பழசு" என்கிறார்கள். செலவு யார் தலையில்?

பதில்: உடைத்தவர் தலையில்தான். ஆனால் உடைத்தது அவர்தான் என்று நீங்கள் காட்ட வேண்டும். முதலில் பிளம்பரை வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு பில்லை நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள்; தடயம் மண்ணோடு போயிருக்கும்.

காம்பவுண்டு ஓரத்துக் கடைசி சேம்பரில் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டி) சொட்டு நீலம் கலந்த தண்ணீரை நாலைந்து வாளி ஊற்றுங்கள். வடிகாலில் நீலம் தெரிந்தால் குழாய் அங்கே அறுந்திருக்கிறது. எங்குமே வராமல் ஏறி நின்றால் அடைப்பு அல்லது நசுங்கல். நீலம் அங்கே வருகிறதா என்று பார்க்கத் தெரு மேன்ஹோலை, கழிவுநீரையும் கவனிக்கும் குடிநீர் வாரியத்தின் ஊழியர்தான் திறக்க வேண்டும். உள்ளே ஆளை இறக்க வேண்டாம்: விஷவாயு ஒருபுறம், சாக்கடையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மறுபுறம்.

அடுத்து, குழாய்க்குள் கேமரா விட்டு, உடைப்பு சேம்பரிலிருந்து எத்தனை மீட்டரில் என்று பாருங்கள். அதே தூரத்தைத் தரைமேல் டேப்பால் அளந்து பாருங்கள். புள்ளி வடிகால் பள்ளத்தில் விழுந்தால் 'பழைய பைப்' வாதம் ஆட்டம் காணும். பழைய பழுதில் பெரும்பாலும் வேரோ கறுப்புப் படிவோ இருக்கும். புது உடைப்பில் ஓரம் கூராக, சுத்தமாக இருக்கும்.

வழக்கமாக நடப்பது இதுதான்: 6 அங்குல ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய் அறுந்ததும் ஒரு பி.வி.சி. துண்டைச் செருகி சிமென்ட் பூசி மூடிவிடுவார்கள். பி.வி.சி.யில் சிமென்ட் ஒட்டாது. இணைப்பில் மண் இறங்கும். வடிகாலைத் தாண்டக் குழாயைத் தூக்கி வைத்தால் வாட்டமும் போச்சு. 60 அடிக்கு 1 அடி இறக்கம் வேண்டும். ஆகவே ரப்பர் கப்ளிங் (இரு குழாய்களை இணைக்கும் உறை) அல்லது சிறு சேம்பர், அடியில் மணல் படுகை, மூடுமுன் தண்ணீர் விட்டுச் சோதனை என்று எழுத்தில் கேளுங்கள்.

புகாருக்கான தொலைபேசி எண்: மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 1916. இரண்டிலும் புகார் எண் வாங்குங்கள். இரு உதவிப் பொறியாளர்களும் ஒரே நாளில் வந்து கூட்டாய்வு செய்யக் கடிதம் கொடுங்கள். ஒருவர் மட்டும் வந்தால் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒப்பந்த நகல், பழுதுப் பொறுப்புக் காலம் (பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்), அவர் கட்டிய வைப்புத்தொகை விவரம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்ததாரரின் பணம் அங்கே நிற்கும்வரைதான் உங்கள் குழாய்மேல் அவருக்கு அக்கறை!

அப்போதும் மறுத்தால், நிரந்தர மக்கள் நீதிமன்றம். துப்புரவு, கழிவுநீர் சேவைகள் அதன் வரம்பில் வரும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சட்டப்படி செய்த பணிமீதான சில இழப்பீட்டு வழக்குகளுக்கு ஓராண்டே கெடு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: "இப்போதைக்கு வடிகாலிலேயே இணைத்துத் தருகிறோம்" என்று வேலையாட்கள் சொன்னால்?

பதில்: வேண்டவே வேண்டாம். மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விடுவது விதிமீறல். பின்னால் இணைப்பைத் துண்டிக்கும்போது மாட்டுவது வீட்டுக்காரர்தான். போதாக்குறைக்கு, வடிகால் நிரம்பும் மழைநாளில் அது அப்படியே உங்கள் கழிவறைக்குத் திரும்பி வரும்.