பல்ஸ் 56, பிபி 96/60: கார்வெடிலால் கொடுக்கலாமா?

கேள்வி: இதயச் செயலிழப்பு நோயாளி ஒருவருக்குக் காலை டோஸ் கார்வெடிலால் கொடுக்கப் போனேன். பல்ஸ் 56, பிபி 96/60. தலைசுற்றல் இல்லை, நன்றாகப் பேசுகிறார். டோஸை நிறுத்திவைப்பதா, கொடுப்பதா? – வார்டு செவிலியர் ஒருவர்

பதில்: டாக்டர் எழுதிய ஆர்டரில் எந்த அளவுக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்று இருக்கிறதா, முதலில் பாருங்கள். பல ஆர்டர்களில் பல்ஸ் 50, சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 90 என்று இருக்கும். அப்படியானால் இவருக்குக் கொடுக்கலாம். இந்த நோயில் பலருக்கு பிபி இந்த அளவில்தான் ஓடும்.

‘எதற்கு வம்பு’ என்று டோஸை விட்டுவிடுவது பாதுகாப்பான வழி அல்ல. பலவீனமான இதயத்தை அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஓயாமல் விரட்டுகின்றன. அந்த விரட்டலைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். 2001இல் வெளியான கோப்பர்னிகஸ் ஆய்வில், தீவிர நிலை நோயாளிகளிடம்கூட கார்வெடிலால் மரணங்களை 35 சதவீதம் குறைத்தது. திடீரென நிறுத்தினாலோ படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எல்லாம் திரும்பக்கூடும்.

கொடுப்பதற்கு முன், மானிட்டரை மட்டும் நம்பாமல் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாதவருக்குக் கையில் பிடிக்கும் பல்ஸ் குறைவாகவே காட்டும். அப்புறம் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பிபி பாருங்கள். கார்வெடிலாலை உணவோடு கொடுங்கள். மெதுவாக உறிஞ்சப்படும், எழும்போது பிபி சட்டென்று இறங்காது. அப்படியும் இறங்கினால் பிபி குறைக்கும் மற்ற மாத்திரைகளைச் சற்று இடைவெளி விட்டுக் கொடுக்கலாமா, நீர் மாத்திரை அளவு கூடுதலா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கை கால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, குழப்பமாகப் பேசினாலோ, புதிதாக வீசிங் வந்தாலோ, இசிஜியில் ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்சமிக்ஞை தடைபடுவது) தெரிந்தாலோ கதையே வேறு. டோஸை நிறுத்திவைத்து உடனே டாக்டரை அழையுங்கள், பல்ஸ் 70 இருந்தாலும்.

சர்க்கரை நோயாளி என்றால் இன்னொரு விஷயம். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரை எடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லுங்கள். டோஸ் கூட்டிய வாரங்களில் உடம்பில் நீர் சேரலாம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அவராகவே மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.