கறிவேப்பிலைச் செடிக்குப் பசியா, மூச்சுத்திணறலா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் 2 ஆண்டுகளாகக் கறிவேப்பிலை வளர்க்கிறேன். 30 செ.மீ. தொட்டி, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம் கலந்த மண், அடியில் தட்டு. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும் 15-15-15 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) வாரம் ஒரு தேக்கரண்டி போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் புளித்த மோரும் ஊற்றினேன். இப்போது இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளையாகப் படிகிறது, மதியத்தில் செடி துவண்டு போகிறது. இன்னும் என்ன சத்துக் கொடுக்கலாம்?

பதில்: சகோதரி, இப்போதைக்கு எதுவும் கொடுக்காதீர்கள். உரம், மோர், தண்ணீர் மூன்றையும் நிறுத்திவிட்டு, முதலில் வேரைப் பார்ப்போம்.

கீழ் இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். அது தவறில்லை. ஆனால் வேர் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் அதே கீழ் இலைதான் மஞ்சளாகும். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் எப்போதும் நீர் நின்றால் காற்று போக இடமில்லை, நுனி வேர்கள் அழுகுகின்றன. அழுகிய வேரால் சத்தையும் எடுக்க முடியாது, தண்ணீரையும் எடுக்க முடியாது. அதனால்தான் ஈர மண்ணிலேயே செடி மதியத்தில் துவள்கிறது. தாகம் என்று நினைத்து மறுபடி ஊற்றுகிறோம். இந்த ஊர்த் தாழ்வாரங்களில் செடிகள் காய்ந்து சாவதைவிட இப்படி மூழ்கிச் சாவதையே நான் அதிகம் பார்க்கிறேன்.

சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய குச்சி) ஒன்றை எடுத்து, தொட்டி ஓரமாக அடிவரை குத்தி, 10 நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். கோகோபீட்டின் மேல்பக்கம் காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் பிழிந்தால் சொட்டும். குச்சியின் கீழ்ப்பாதி கருத்து ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பழகிவிட்டால் குச்சியும் தேவையில்லை, தொட்டியைத் தூக்கினால் கனமே சொல்லிவிடும்.

அப்புறம், செடியைத் தண்டோடு பிடித்துச் சாய்த்து, மண்ணோடு மெல்ல உருவுங்கள். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பிழைத்தது. பழுப்பாக இருந்து, விரலால் இழுத்ததும் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். சாக்கடை வாடையும் வரும்.

அந்த வெள்ளைப் படிவையும் தேய்த்துப் பாருங்கள். மணல்போல நறநறவென்றால் உர உப்பு. பஞ்சுபோல இருந்தால் மோரில் வந்த பூஞ்சணம். இலை நுனி கருகுவதால் உப்பு என்றே நினைக்கிறேன். 30 செ.மீ. தொட்டிக்கு வாரம் ஒரு தேக்கரண்டி மிக அதிகம். உப்பு கூடினால் வேர் உறிஞ்ச வேண்டிய தண்ணீரை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே இருப்பதால் மழையும் அதைக் கழுவிவிடாது. தட்டில் வடிந்த உப்புத் தண்ணீரை மண் மறுபடி மேலே இழுக்கிறது.

வேர் பெரும்பாலும் வெள்ளையாக இருந்தால், குளியலறையில் வைத்து, தொட்டி கொள்ளும் அளவைப்போல் 3 மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, முழுக்க வடிய விடுங்கள். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் கழுவ வேண்டாம். அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, மேலேயும் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் குறைத்து, மிஞ்சிய வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டியில், பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் இலேசான வெள்ளைத் துகள்) கலந்த புது மண்ணில் நடுங்கள். அடியில் சரளைக் கல் போடுவதால் நீர் நன்றாக வடியும் என்பார்கள். வடியாது, நீர் கல்லுக்கு மேலுள்ள மண்ணில் தேங்கும். தொட்டியின் துளை அடைக்காமல் இருந்தால் போதும்.

தட்டை எடுத்துவிடுங்கள். டெங்கிக்காகத் தேசிய சுற்றுப்புற வாரியம் திரும்பத் திரும்பச் சொல்கிறதே, தட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள், இறுகிய மண்ணைக் கிளறுங்கள் என்று. கொசுவுக்காகச் சொன்ன அந்த இரண்டும் உங்கள் வேருக்கும் மருந்து.

மோரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் அம்மா கொல்லையில் ஊற்றியது ஆழமான தரையில், எத்தனையோ மண்புழுக்களுக்கு நடுவே. இங்கே ஒரு வாளி மண்ணில் அது புளித்து, எறும்பைத்தான் கூப்பிடும். மனம் கேட்கவில்லையென்றால், செடி தேறிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, மாதம் ஒருமுறை.

மற்றச் சத்துகளின் குறைவு வேறு மாதிரி தெரியும். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து. பழைய இலையில் நரம்புகளுக்கு இடையே வெளுத்தால் மக்னீசியம். நீங்கள் எழுதியதில் இரண்டும் இல்லை.

புதுத் துளிர் விரிந்து பச்சை கட்டும்வரை உரம் வேண்டாம், 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குப் பிறகு பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதி, மாதம் ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும். தாழ்வாரத்தில் வெயில் படும் ஓரத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், நடைவழியை அடைக்காமல். வெயில் குறைந்த இடத்தில் செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். நவம்பர், டிசம்பர் மழை மாதங்களில் வாரம் இரண்டு முறையே அதிகமாகலாம். குச்சியைக் கேட்டு ஊற்றுங்கள்.

வேரை உருவியதும் படம் எடுத்து அனுப்புங்கள். இலையின் படம் வேண்டாம், வேரின் படம்.