அண்ணனின் மாத்திரையும் தோழியின் விலகலும்

கேள்வி: 10 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்காக நாவல் ஒன்று எழுதி வருகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்பட்ட வலி நிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாகிவிட்ட அண்ணன், 12 வயதுத் தங்கை, அவளை விட்டு விலகும் நெருங்கிய தோழி ஆகியோரைச் சுற்றிக் கதை நகர்கிறது. தோழியின் பகுதி கதையைத் திசைதிருப்புவதாகப் படித்துப் பார்த்த நண்பர் சொல்கிறார். அதை நீக்கலாமா? அண்ணன் குணமடைவதாக முடிக்கலாமா?

பதில்: நீக்காதீர்கள். அந்த வயதில் வீட்டுக்கு வெளியே ஒரு பிள்ளைக்கு இருக்கும் உலகம் பெரும்பாலும் தோழிதான். அண்ணனின் பழக்கம் அந்த உலகத்துக்குள்ளும் எப்படிப் புகுகிறது என்பதைக் காட்டாவிட்டால், இது பெரியவர்களின் கதையாகிவிடும். இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தொடாமல் அடுத்தடுத்த அத்தியாயங்களில் வந்து போவதே நண்பரை உறுத்தியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அவற்றைப் பிணைப்பது ரகசியம். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று அம்மா எச்சரித்த நாளிலிருந்து தங்கை தோழியை வீட்டுக்கு அழைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க இன்னொன்று. காரணம் அறியாத தோழியோ, தன்னை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று எண்ணி வேறு பிள்ளைகளோடு சேர்ந்துகொள்கிறாள். அப்படியானால் விலகியது யார்? அந்தக் கேள்விக்குச் சில அத்தியாயங்கள்வரை விடை தராதீர்கள். தோழியைக் கெட்டவளாக்கிவிடுவது எளிது. குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் (நானும்தான்) அடிக்கடி சறுக்கும் இடம் அது.

வீட்டுக்குள் தங்கை காவல்காரியாகிறாள். படியேறும் காலடியோசையை வைத்தே அண்ணன் எந்த நிலையில் வருகிறான் என்று கணிக்கிறாள், மாத்திரைகளை எண்ணி வைக்கிறாள், தான் நன்றாகப் படித்தால் அவன் நிறுத்திவிடுவான் என்றுகூட நம்புகிறாள். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அல்-அனான் அமைப்பிலும், அதன் பிரிவாக 1957-இல் பதின்ம வயதினருக்கென உருவான அலட்டீனிலும், ‘இதற்கு நான் காரணமல்ல, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது’ என்ற கருத்து வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஓர் ஆலோசகரின் வாயில் இதை அப்படியே வைத்துவிடாதீர்கள். அவள் ஒளித்துவைத்த மாத்திரைகள் அங்கேயே இருக்க, மறுநாள் அண்ணன் வேறு மாத்திரைகளோடு வந்து நிற்கும் ஒரு காட்சி போதும்.

முழுக் குணம் வேண்டாம். மருத்துவம் போதைக்கு அடிமையாவதை நாட்பட்ட நோயாகவே கருதுகிறது. சிகிச்சைக்குப் பிறகும் பலர் மீண்டும் பழக்கத்திற்குத் திரும்புகிறார்கள். உங்கள் நாவலில் அண்ணன் முற்றிலும் தேறிவிட்டால், இத்தகைய வீட்டிலிருந்து வரும் வாசகக் குழந்தை, தன் அண்ணன் மட்டும் தேறாததற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அவனைச் சிகிச்சை மையத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுங்கள். முடிவு தங்கைக்குத்தான் தேவை: அவள் தோழியிடம் உண்மையைச் சொல்கிறாள். தோழி கண்ணீரோடு கட்டிக்கொள்ள வேண்டியதில்லை, “அதனால்தான் உன் பிறந்தநாளுக்குக்கூட என்னை வீட்டுக்கு வரவேண்டாம் என்றாயா?” என்று கேட்கட்டும்.