பழைய சீருடையோடு ஊர்வலம் போகலாமா?

கேள்வி: இலங்கை இராணுவத்தில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்து முன்னாள் படையினரை ஏஜென்சிக்காரர்கள் ஆசை காட்டி ரஷ்ய–உக்ரைன் போருக்கு அனுப்புவதைக் கண்டித்து, அட்டன் மல்லியப்பு சந்தியிலிருந்து பஸ் நிலையம் வரை ஊர்வலம் போக இருக்கிறோம். அமெரிக்காவில் முன்னாள் சிப்பாய்கள் சீருடையிலேயே போரை எதிர்ப்பதை வீடியோவில் பார்த்தோம். நாங்களும் அப்படிப் போனால் பிடிப்பார்களா? பென்ஷன் நின்றுவிடுமா?
– வாசகர், டிக்கோயா

பதில்: ஊர்வலம் போங்கள் ஐயா. சீருடை மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அமெரிக்க வீடியோவை இங்கே இழுக்க வேண்டாம். வியட்நாம் போரைக் கண்டித்துத் தெருநாடகம் போட்டபோது இராணுவ உடை உடுத்திய ஷாக்ட் என்பவரை 1970இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுவித்தது உண்மைதான். நடிகர்கள் சீருடை உடுத்த அவர்களுடைய சட்டத்திலேயே இடம் இருந்ததால் அவர் தப்பினார். அட்டன் நீதவான் முன்னால் அந்தத் தீர்ப்பு எடுபடாது.

நம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேசவும் அமைதியாகக் கூடவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை தருகிறது. ஓய்வு பெற்றவரும் பிரஜைதான். துணி வேறு விஷயம். படையில் இல்லாத ஒருவர், தன்னைப் படையாள் என்று பிறர் நம்பட்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ அடையாளத்தையோ அணிவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். 'முன்னாள் படையினர்' என்று பதாகை பிடித்தால் அந்த எண்ணம் இல்லை என்று வாதாடலாம், வெல்லவும் கூடும். ஆனால் அதற்குள் எத்தனை வழக்குத் தவணை, எத்தனை நாள் சம்பளம் போகும்? வெள்ளைச் சட்டை போட்டு நெஞ்சில் பதக்கங்களைக் குத்திக்கொள்ளுங்கள். படைப்பிரிவுச் சின்னம் வைத்த தொப்பியும் வேண்டாம், அதுவும் 'அடையாளம்'தான்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. உங்களோடு வருகிற எல்லோரிடமும் விடுவிப்புச் சான்றிதழ் இருக்கிறதா? லீவில் வந்து திரும்பிப் போகாதவர், 'நானும் விலகிவிட்டேன்' என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். சட்டப்படி அவர் விலகவில்லை, இன்னும் படையாள்தான். படையினரின் பேச்சுரிமையை ஒழுக்கத்தின் பேரில் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 15(8) உறுப்புரை இடம் தருகிறது. இராணுவச் சட்டமும் அவரை விடாது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் பொதுமன்னிப்புக் காலம் இருந்தது. அப்போது போய் முறைப்படி விடுவிப்பு எடுத்தவருக்குப் பயமில்லை. மன்னிப்பு அறிவித்ததை வானொலியில் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தவருக்கு அது பொருந்தாது. கடதாசி கையில் இருக்க வேண்டும். இல்லாதவர் ஊர்வலத்துக்கு வருவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கட்டும்.

அடுத்தது பொலிஸ். ஊர்வலத்துக்கு 'பர்மிட் எடுத்துத் தருகிறேன்' என்று காசு கேட்டு ஒருவர் வருவார், பாருங்கள். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு கேட்பது அறிவித்தல். ஊர்வலம் தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு, குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் கொடுங்கள். திகதி, தொடங்கும் நேரம், பாதை, பொறுப்பாளர் பெயர் இருந்தால் போதும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் நேரமும் போட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருந்தும், மலையகத்துப் பொலிஸ் நிலையங்களில் இன்னும் எழுதத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளக்காமல் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட ஒரே ஒரு மாதம்தான். மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று, இந்த ஒரு மாதத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் அதே 126ஆம் உறுப்புரை நீதிமன்றத்துக்கும் சொல்கிறது. அது வருடக்கணக்கில் இழுபடும், நீங்கள் ஒரு நாள் பிந்தினால் கதை முடிந்தது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாடு போட்ட துண்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கும் எழுத்து வாங்கி வையுங்கள். 'பெட்டிசம் எழுதி ஜனாதிபதிக்கு அனுப்பினால் போதும்' என்பவரிடம்தான் பலருடைய அந்த ஒரு மாதம் தொலைகிறது. காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், தரகரிடம் போகாதீர்கள். யார் கேட்டாலும் மூலப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம், போட்டோ பிரதி போதும்.

பென்ஷனை நிறுத்தப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. 'நிறுத்திவிடுவோம்' என்று யாராவது மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கடிதம் வந்தால் உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். லயத்துக்கு வரும் தபால் தோட்டத்து ஆபீஸில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஒரு மாதக் கணக்குக்காக, கைக்குக் கிடைத்த திகதியை அந்த உறையிலேயே எழுதி, வாங்கிக் கொடுத்தவரிடம் கையெழுத்தும் எடுத்து வையுங்கள்.